மலைக்குப் போனால் மகனின் ஆஸ்துமா அடங்குமா?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. மூன்று வயதிலிருந்தே வீசிங். இன்ஹேலர் டோஸ் ஏறிக்கொண்டே போகிறது. இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை ஸ்டீராய்டு மாத்திரை, ஒரு முறை மருத்துவமனை வாசம். உயரமான மலைப்பகுதியில் சில மாதம் தங்கினால் ஆஸ்துமா போய்விடும், அப்புறம் மருந்தே வேண்டாம் என்கிறான் என் தம்பி. ஐரோப்பாவில் இதற்கென்றே மருத்துவமனைகள் இருந்தனவாமே? கூட்டிப் போகலாமா?

பதில்: உங்கள் தம்பி சொன்னதில் முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாவது பாதி ஆபத்தானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: மலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், தினசரி இன்ஹேலரை நீங்களாக நிறுத்தக்கூடாது.

இனி உண்மையான பாதி. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் காசநோயாளிகள் அங்கே போய்த் தங்கினார்கள். காசநோய்க்கு மருந்து வந்தபின் அந்த மலை விடுதிகளில் பல காலியாக, ஆஸ்துமாக்காரர்கள் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். இத்தாலியில் மிசுரினா ஏரிக்கரையில், ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில், ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கென்றே ஒரு மையம் பல ஆண்டுகள் நடந்தது. அங்கெல்லாம் குழந்தைகள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்கினார்கள். பாடமும் அங்கேயே நடந்தது.

ஏன் குணம் தெரிந்தது? 'சுத்தமான காற்று' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் முக்கியமான காரணம் மெத்தைக்குள் இருக்கிறது. வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் வாழ்கின்றன. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அவற்றுக்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்கும் வழக்கமே அவற்றுக்குக் கிடையாது. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொண்டுதான் உயிர் வாழ்கின்றன. ஈரப்பதம் நீண்ட நாள் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வற்றிச் செத்துப்போகும். ஆல்ப்ஸ் மாதிரியான குளிர்ந்த, வறண்ட உயரத்தில், சூடேற்றிய அறைகளில் அவற்றால் பெருக முடியாது. பிள்ளையின் மூச்சுக்குழாயை இரவெல்லாம் சீண்டுவது இந்த உண்ணியின் கழிவு. அது இல்லையென்றால் சில வாரங்களில் வீக்கம் வடிகிறது, ஸ்டீராய்டு தேவையும் குறைகிறது. தூசி உண்ணிதான் குற்றவாளி என்று 1960களில்தான் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். மலை உதவும் என்பது அதற்கு முன்பே தெரியும். காரணம்தான் பின்னால் வந்தது.

அதனால் கவனிக்க வேண்டியது உயரத்தை மட்டுமல்ல, வறட்சியையும்தான். ஈக்வடாரின் கீட்டோ நகரம் 2,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கேயும் வீடுகளில் தூசி உண்ணி இருக்கிறது. எப்போதும் மழையும் மூடுபனியும், சுவரெல்லாம் பூஞ்சையும், வீட்டுக்குள் விறகுப் புகையுமாக இருக்கிற மலையூருக்கு இந்தப் பிள்ளையைக் கொண்டுபோனால் பலன் தலைகீழாகவும் ஆகலாம். மலை என்றதும் பையைக் கட்டாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

மகரந்தமும் வாகனப் புகையும் குறைவு என்பதும் லாபம்தான். டாவோஸில் அலர்ஜியே இல்லாத சில பெரியவர்களுக்கும் முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. ஆக, உண்ணி மட்டுமே முழுக் கதை இல்லை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது: அங்கே நர்ஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வேளையும் இன்ஹேலர் எடுக்க வைக்கிறார், தினமும் மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி. இதில் மலையின் பங்கு எவ்வளவு, நர்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். மாத்திரையென்றால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். போலி மலைக்கு எங்கே போவது?

கீழே இறங்கியதும் என்ன ஆகும் என்று உங்கள் தம்பியைக் கேட்டீர்களா? அதே மெத்தை, அதே தலையணை. பலன் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கரைய ஆரம்பிக்கும். அதற்குள் பிள்ளை பல வாரம் வீட்டையும் உங்களையும் விட்டு இருந்திருப்பான். 10 வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறொன்று. டோஸ் ஏறிக்கொண்டே போகிறது என்கிறீர்கள். அந்த மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேர்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? 'கடுமையான ஆஸ்துமா' என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, "எப்படி எடுப்பாய், செய்து காட்டு." போன மாதம் ஒரு பையன் ஸ்பேசரை (இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) வாயில் வைத்து, நாக்கால் துவாரத்தை அடைத்துக்கொண்டு, இரண்டு அழுத்து அழுத்திவிட்டுச் சட்டென்று எடுத்துவிட்டான். மருந்து முழுக்க ஸ்பேசரின் சுவரில். அவனுக்கு டோஸ் இரண்டு முறை ஏற்றியிருந்தார்கள். சரியான முறை: இன்ஹேலரைக் குலுக்கி, ஒரு அழுத்து, உதடுகளை இறுக்கி ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு, அடுத்த அழுத்துக்கு மறுபடி குலுக்கி அதே போல. முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். காலி இன்ஹேலரை மாதக்கணக்கில் அழுத்தும் வீடுகளும் உண்டு, எண்ணிக்கை காட்டும் கட்டத்தைப் பாருங்கள்.

இது சரியாக இருந்தும் அடங்கவில்லை என்றால், அலர்ஜி பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தூசி உண்ணி என்று வந்தால் மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி நுழையாத உறை போடுங்கள். விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். அறையின் ஈரத்தைக் குறைக்கப் பாருங்கள். இதில் ஒன்றை மட்டும் செய்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, எல்லாம் சேர வேண்டும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அது முதலில் நிற்கட்டும். அதன் பிறகும் அடங்காவிட்டால் 6 வயதுக்கு மேற்பட்ட, தகுதியுள்ள பிள்ளைகளுக்கு கடுமையான ஆஸ்துமாவை அடக்க ஓமாலிசுமாப், மெபோலிசுமாப், டுபிலுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. மலை விடுதிகளின் பொற்காலத்தில் இவை கிடையாது.

இத்தனைக்கும் பிறகு மலைக்கே போவதென்றால், சுற்றுலாவாக வேண்டாம், மருத்துவக் கண்காணிப்போடு போங்கள். 1,500 மீட்டரில் காற்றழுத்தமும் அதோடு ஆக்சிஜனும் ஆறில் ஒரு பங்கு குறைவு. பெரும்பாலான பிள்ளைகள் தாங்குவார்கள். ஆனால் சமீபத்தில் மோசமான அட்டாக் வந்த பிள்ளைக்கோ, கீழேயே ஆக்சிஜன் அளவு குறைவாக இருக்கும் பிள்ளைக்கோ இது சரிவராது. குளிர்ந்த காற்றில் ஓடினால் மூச்சுக்குழாய் சுருங்கும். மூக்கும் வாயும் மறையும்படி துணி சுற்றி விடுங்கள். நிவாரண இன்ஹேலர் அவன் பையிலேயே இருக்கட்டும், உங்கள் பெட்டியில் வேண்டாம். பேச்சு ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் திணறினாலோ, விலா இடுக்குகள் உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எந்த உயரத்தில் இருந்தாலும் நேராக மருத்துவமனைதான்.

அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துப் போங்கள். ஃபைலை அப்புறம் காட்டலாம்.