எக்ஸ்பைரி முடிந்து மூன்று மாதமான பாராசிட்டமாலைப் போட்டுக்கொள்ளலாமா?

ராத்திரி காய்ச்சலோடு டப்பாவைக் கிளறி, ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்டிருப்பீர்கள். பகலில் யாரும் இதைக் கேட்பதில்லை, கடைக்குப் போய்விடுவார்கள்.

நான் டாக்டர் இல்லை. மேற்கு மாம்பலத்தில் மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் பாதி ஆயுளைக் கழித்தவன். "கடைக்காரன் புதுசு வாங்கத்தானே சொல்லுவான்" என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஒரு அட்டை பாராசிட்டமாலில் எனக்கு நிற்பது ஒரு டீக்குக்கூடக் காணாது.

அட்டையில் 6/2025 என்று இருந்தால் ஜூன் 30 வரை கணக்கு. ஜூலை 1ஆம் தேதி காலையில் அது விஷமாகிவிடாது. பிரிக்காத அட்டையில், வெயில் படாமல் இருந்த பாராசிட்டமால் மூன்று மாதத்தில் பெரிதாகக் கெடாது. வீரியம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் அதை நான் விற்றால் சட்டப்படி குற்றம், போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

என் சித்தப்பா இந்த இடத்தில் அமெரிக்க ராணுவக் கதையை எடுப்பார். வாட்ஸாப்பில் வந்தது. கதை உண்மைதான். 1986 முதல் அங்கே ராணுவக் கையிருப்பு மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள். 2006இல் வந்த ஆய்வில் 122 மருந்துகள். சோதித்த பேட்ச்களில், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதிகளில், 88 சதவீதத்துக்குக் குறைந்தது ஒரு வருஷமாவது தேதியை நீட்டித்தார்கள். "எல்லாம் கம்பெனிக்காரன் காசு பண்ற வேலைடா" என்பது சித்தப்பாவின் தீர்ப்பு. அந்த மருந்தெல்லாம் பிரிக்காத பெட்டியில், ராணுவக் கிடங்கில் பக்குவமாக வைத்திருந்தது என்பதை ஃபார்வர்டு செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். நம் அட்டையில் 30 டிகிரிக்குள் வைக்கவும் என்று அச்சிட்டிருக்கும். மே மாதச் சென்னையில், கேஸ் அடுப்புக்கு மேல் அலமாரியில், ஸ்கூட்டர் டிக்கியில், எங்கே இருக்கிறது அந்த 30 டிகிரி?

அதே சித்தப்பாவுக்குக் கேட்டராக்ட் ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம் கழித்து, ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. இவர் கண்ணும் சிவந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம், ஃப்ரிட்ஜ் கதவில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில். தேதி இன்னும் முடியவில்லை. வேளை தவறாமல் விட்டுக்கொண்டார். கண் திறக்கவே முடியாமல் போனபிறகுதான் எனக்குப் போன். போய்ப் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். முனையைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது.

"தேதி இருக்கேடா?"

"அது மூடி திறக்காத பாட்டிலுக்கு, சித்தப்பா. திறந்தா ஒரு மாசம்தான். டப்பாவிலேயே போட்டிருப்பான்."

டப்பாவை வாங்கிய அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று. போதாததற்கு அதில் ஸ்டீராய்டு வேறு. தொற்று உள்ள கண்ணில் டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு விட்டால் பார்வைக்கே ஆபத்து. அன்றைக்கே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண் தப்பியது. டாக்டரம்மா திட்டியதை மட்டும் சித்தப்பா இன்றுவரை என் கணக்கில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அதனால் தேதி ஒன்றையே பார்க்காதீர்கள். என்ன மருந்து, எங்கே இருந்தது, திறந்ததா என்று பாருங்கள். இன்சுலின், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், வலிப்பு மாத்திரை, இதிலெல்லாம் பழசை வைத்துக்கொண்டு சோதனை வேண்டாம். குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் ஆன்டிபயாடிக் சிரப் கலக்கிய நாளிலிருந்து பெரும்பாலும் ஒரு வாரம்தான். பாட்டிலில் என்ன தேதி இருந்தாலும் சரி. ஆஸ்பிரினில் வினிகர் வாடை வந்தால் ஈரம் பட்டுச் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

சொல்ல வந்ததை விட்டு வேறு எங்கோ போகிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காலாவதி சரக்கில் கடைக்காரன் சம்பாதிக்கிறான் என்று பேசுகிறவர்கள் ஒருநாள் வந்து, தேதி முடிந்ததைத் திருப்பி அனுப்பச் சேர்த்து வைக்கும் எக்ஸ்பைரி ரிட்டர்ன் பெட்டியைப் பாருங்கள். திருப்பி எடுத்துப்போன ஸ்டாக்கிஸ்ட், அதாவது எங்களுக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரி, அந்தப் பணத்தை வரவு வைக்கும் கிரெடிட் நோட் கொடுக்க மாசக்கணக்கில் இழுக்கிறார், கொடுக்கும்போதும் கழிவு போகத்தான். கேட்டால் "கம்பெனியிலேர்ந்து வரலை சார்." இந்தப் பக்கம் வாடிக்கையாளர் ஆன்லைன் ஆப்பைக் காட்டி அதே தள்ளுபடி கேட்கிறார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அட்டை உப்பியிருந்தாலோ, மாத்திரை நிறம் மாறி உதிர்ந்தாலோ தொடாதீர்கள். காய்ச்சல் அதிகமாக இருந்தாலோ, குழந்தைக்கு என்றாலோ டாக்டரிடம் போங்கள். இல்லாவிட்டால் காலையில் புது அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாத்திரை மட்டும் போதும் என்றால் தேதி உள்ள பக்கத்திலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். நான் தர மாட்டேன். மீதி அட்டையில் தேதி இல்லாவிட்டால் அதை யாருக்கு விற்பது? பில்லில் எக்ஸ்பைரி தேதி போட்டிருக்கும், பில்லைத் தூக்கிப் போடாமல் மாத்திரையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.