மாமரத்தில் புல்லுருவி: வெட்டினாலும் ஏன் துளிர்க்கிறது?

கேள்வி: எங்கள் புரையிட (வீட்டுத் தோட்ட) மாமரத்தில் புல்லுருவி. மூன்று முறை வெட்டியும் துளிர்க்கிறது. மருந்து உண்டா? (வாசகர், குலசேகரம்)

பதில்: நீங்கள் வெட்டியது இலையை, வேர் கிளைக்குள்ளேயே இருக்கிறது. புல்லுருவி மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணிச் செடி. ஆனாலும் தன் பச்சையத்தால் உணவைத் தானே செய்துகொள்ளும். திருடுவது தண்ணீரையும் தாது உப்பையும்தான். அதற்கான உறிஞ்சுவேர் மாமரத்தின் கட்டையோடு ஒட்டி வளர்வதால், ஒட்டிய இடம் புடைத்து முண்டாகியிருக்கும். அதை விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்கும்.

சிறு கிளையானால் முண்டுக்கு ஓரடி கீழே, மரத்தை நோக்கிய பக்கத்தில், கிளையோடு வாளால் அறுங்கள். தாய்க்கிளையானால் முண்டை உளியால் செதுக்கி எடுத்து, போர்டோ பசை பூசுங்கள். அதற்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்துச் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி போதும், இரும்பு ஆகாது. பளபளப்பான கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றன்றைக்குக் கலக்கி, மழையில்லா நாளில் பூசுங்கள்.

புல்லுருவியின் பழம் பழுக்குமுன் வெட்டுவதே முக்கியம். பூங்கொத்திக் குருவி பழத்தைத் தின்று, பசை ஒட்டிய விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். பக்கத்துப் புரையிடத்துக் கொல்லாமரத்தையும் (முந்திரி) அண்ணாந்து பாருங்கள். அங்கே இருந்தால் உங்கள் உழைப்பு வீண். அடுத்தவர் உழைப்பில் வாழ்பவரைப் புல்லுருவி என்று திட்டுகிறோம். உணவைத் தானே சமைக்கும் செடிக்கு அது கொஞ்சம் அநியாயம்தான்!