கெர்னல் மின்நிலைப் பிழைகள்: இத்துறையைத் தேர்ந்தெடுக்கலாமா?

அன்புள்ள மாணவிக்கு,

கணினியியல் மூன்றாம் ஆண்டில் படிக்கும் நீங்கள், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில், சாதனங்கள் உறங்கும்போதும் எழும்போதும் நேரும் மின்நிலைப் பிழைகளைக் கையாளும் பணியையே தொழிலாகக் கொள்ளலாமா, அது மிகவும் குறுகிய துறையாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொள்ளலாம். ஆனால் அந்தப் பணி உங்களிடம் என்ன கோரும் என்பதை அறிந்த பிறகே முடிவு செய்யுங்கள். மின்சாரத்தைச் சேமிக்க ஒரு சாதனத்தை உறங்கவைத்து, பின் எழுப்பும் நிரலை எழுதுவது இதில் சிறிய பகுதிதான். சாதனம் எழ மறுத்தால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதைப் பொறுமையாக யோசித்து எழுதுவதே பெரும்பகுதி.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் வெளியிட்ட ஏசிபிஐ என்ற மின் மேலாண்மை வரையறை, சாதனங்களுக்கு டி0 முதல் டி3 வரையிலான மின்நிலைகளை வகுத்தது. டி0 என்பது முழு இயக்கம், டி3 என்பது அணைந்த நிலை. டி3-யிலும் இரண்டு வகை உண்டு. ‘ஹாட்’ வகையில் சாதனத்துக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும். ‘கோல்டு’ வகையில் அதுவும் துண்டிக்கப்பட்டிருக்கும். பிசிஐ என்ற இணைப்புத் தடத்தின் வழியே கணினியோடு இணைந்த சாதனம் ஒன்றை டி3 ஹாட்டிலிருந்து டி0-வுக்குக் கொண்டுவந்த பின், அதைத் தொடுவதற்கு முன் பொதுவாக 10 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.

கடினமான பகுதி, சாதனம் பதிலே சொல்லாதபோது தொடங்குகிறது. மின்சாரம் இல்லாத பிசிஐ சாதனத்தின் ரெஜிஸ்டரை (அதன் நிலையைக் காட்டும் சிறு நினைவிடத்தை) படித்தால் பொதுவாகப் பிழைச் செய்தி ஏதும் வராது. எல்லா பிட்டுகளும் 1 ஆக உள்ள ஓர் எண்தான் வரும். அதை உண்மையான மதிப்பு என்று நம்பி, ‘இந்த பிட் 0 ஆகும்வரை காத்திரு’ என்று கால வரம்பில்லாமல் எழுதப்பட்ட டிரைவர் (சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரல்), கணினியையே நிறுத்திவிடும். ஆகவே படித்த மதிப்பைச் சந்தேகிப்பதும், ஒவ்வொரு காத்திருப்புக்கும் எல்லை வைப்பதும் இத்துறையில் உங்களுக்கு இயல்பாகவே வரவேண்டிய பழக்கங்கள்.

உறங்கும்போது வரும் பிழையும் எழும்போது வரும் பிழையும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். லினக்ஸில் கணினி முழுவதும் உறங்கச் செல்லும்போது ஒரு டிரைவர் பிழையைத் திருப்பினால், கெர்னல் அந்த முயற்சியைக் கைவிட்டு, ஏற்கெனவே உறங்கிய சாதனங்களை மீண்டும் எழுப்பிவிடும். எழும்போது நேரும் பிழையிலோ பின்வாங்குவதற்கு இடமில்லை. கெர்னல் அதைப் பதிவு செய்துவிட்டு அடுத்த சாதனத்துக்குப் போய்விடும். தன் சாதனத்தை மீட்பதோ, அது செயலிழந்தது என்பதை மேலே உள்ள நிரல்களுக்குத் தெரிவிப்பதோ அந்த டிரைவரின் பொறுப்பு. விண்டோஸில் ஒரு டிரைவர் மின்நிலை தொடர்பான கோரிக்கையை உரிய நேரத்தில் முடிக்காவிட்டால், 0x9எஃப் என்ற குறியீட்டுடன் இயங்குதளமே நின்றுவிடும்.

இன்னும் நுட்பமான ஒரு பிழையை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பணி உங்களுக்குப் பொருந்துமா என்பதை இதைக் கொண்டே நீங்கள் கண்டறியலாம். லினக்ஸின் 2.6.32 பதிப்பில், 2009-இல், கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே தனித்தனிச் சாதனங்களை உறங்கவைக்கும் ‘ரன்டைம் பிஎம்’ (பிஎம் என்றால் மின் மேலாண்மை) அமைப்பு வந்தது. அதில் ஒரு சாதனத்தை எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஓர் எண்ணிக்கை வைக்கப்படுகிறது. ‘பிஎம் ரன்டைம் கெட் சிங்க்’ என்ற செயல்கூறு, சாதனத்தை எழுப்புவதில் தோல்வியடைந்தாலும் அந்த எண்ணிக்கையைக் கூட்டியே வைத்திருக்கும். தோல்வி என்றவுடன் நேராக வெளியேறிவிடும் டிரைவரில், கூட்டிய எண்ணிக்கையை யாரும் குறைப்பதில்லை. பின்னர் சாதனம் சரியாகிவிட்டாலும் அது மறுபடி உறங்காது. திரையில் எந்தச் செய்தியும் வராது, பேட்டரி மட்டும் விரைவாகத் தீரும். இந்தத் தவறு ஏராளமான டிரைவர்களில் இருந்தது. தோல்வியடைந்தால் எண்ணிக்கையைத் தானே குறைத்துவிடும் ‘பிஎம் ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட்’ என்ற புதிய செயல்கூறு 5.10 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இதைப் படிக்கும்போது, அந்தத் தோல்வி வழியைத் தேடி இன்னொரு டிரைவரைத் திறந்து பார்க்க உங்களுக்குத் தோன்றினால், இத்துறையில் நீங்கள் நிலைப்பீர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வலைத்தள மென்பொருளில் வேலைகள் அதிகம் என்று உங்கள் பெற்றோர் சொல்வது சரியே. தொடக்கநிலைப் பணியிடங்கள் இங்கே குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சிப் தயாரிப்பாளர்கள், கைபேசி, மடிக்கணினி, சர்வர் நிறுவனங்கள், வாகன மின்னணுவியல், மருத்துவக் கருவிகள் என எங்கெல்லாம் மின்சாரத்தைச் சேமிக்க வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் இத்திறமை தேவைப்படுகிறது. அறிவிப்புகளில் இப்பணி டிரைவர் பொறியாளர், ஃபர்ம்வேர் பொறியாளர், எம்பெடட் லினக்ஸ் பொறியாளர் போன்ற பெயர்களில் வரும். நேர்காணலில் மின்நிலைகளைப் பற்றி நேரடியாகக் கேட்பதைவிட, சி மொழி, சுட்டிகள், பூட்டுகள், இண்டரப்ட் ஆகியவற்றையே ஆழமாகக் கேட்பார்கள். எனவே ‘கெர்னல் மட்டும்’ என்று உங்களைச் சுருக்கிக்கொள்ளாமல், இவற்றை அடித்தளமாகக் கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு செய்ய வேண்டியவற்றை க்யூஎமு மெய்நிகர் கணினியில் தொடங்குங்கள். பாடத்திட்டப் பணிகளை வைத்திருக்கும் கணினியில் தயவுசெய்து இச்சோதனைகளைச் செய்யாதீர்கள். சிறிய டிரைவர் ஒன்றை எழுதி, அதன் உறக்கச் செயல்கூறு வேண்டுமென்றே பிழையைத் திருப்பும்படி செய்து, கெர்னல் பதிவில் என்ன வருகிறது என்று பாருங்கள். தற்காலிகத் தடையைக் குறிக்கும் ‘இபிஸி’ (EBUSY), ‘இஅகெய்ன்’ (EAGAIN) ஆகிய பிழைக்குறியீடுகளை ரன்டைம் பிஎம் பொறுத்துக்கொள்ளும். வேறு குறியீட்டைத் திருப்பினாலோ, நிலையை நேரடியாக மாற்றி அமைக்கும்வரை அந்தச் சாதனத்துக்கான உதவிச் செயல்கூறுகளை இயக்க மறுத்துவிடும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவர் அதை மறப்பதில்லை. கணினியை முழுமையாக உறங்கவைக்காமலேயே படிப்படியாகச் சோதிக்க உதவும் ‘பிஎம் டெஸ்ட்’ வசதியையும் பழகிக்கொள்ளுங்கள்.

அதன்பின் உண்மையான டிரைவர் ஒன்றில் ஒரு சிறு பிழையைத் திருத்தி, அந்த டிரைவரின் பராமரிப்பாளர்களுக்குப் பேட்சாக (திருத்தத்தை மட்டும் கொண்ட கோப்பாக) அனுப்புங்கள். நிரலை இயந்திரத்தனமாக மாற்றிவிட்டு அனுப்பாதீர்கள். எந்தச் சூழலில் எந்த வழியாகப் பிழை வெளிப்படும் என்பதை விளக்கக் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். பராமரிப்பாளர்கள் கேள்வி கேட்பார்கள், சில நேரம் கடுமையாகவும் எழுதுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி, திருத்திய இரண்டாம் பதிப்பை அனுப்புங்கள். பேட்ச் ஏற்கப்பட்டாலும் ஏற்கப்படாவிட்டாலும், அந்த உரையாடலின் இணைப்பை உங்கள் தற்குறிப்பில் மதிப்பெண்களுக்கு மேலே இடுங்கள். கெர்னல் பணிக்கு ஆள் எடுப்பவர் முதலில் அதைத்தான் திறந்து படிப்பார்.