வாசகர் கேள்வி – பதில்: தெல்பியில் ஒரு பிணைக் கையெழுத்து

கேள்வி: சென்ற இதழில், கிரேக்கம் போய் வந்ததாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஜேர்மனியில் இருக்கும் என் மகளும் என்னை அங்கே கூட்டிப்போக நிற்கிறாள். நண்பருக்குக் கடன் பிணை நின்று நொந்துபோயிருக்கிறேன். இந்த நிலையில் இடிந்த கற்களைப் பார்த்து எனக்கு என்ன வரப்போகிறது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: போங்கள். மகள் கூப்பிடும்போதே போய்விடுங்கள். உங்கள் கடிதத்தில் 'பிணை' என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. நானும் அந்த வழியால் வந்தவன்தான்.

என்னோடு படிப்பித்த ஒருவரின் கடனுக்குப் பிணையாளியாகக் கையெழுத்து வைத்தேன். அவர் தவணை கட்டவில்லை. நாலு வருஷம் என் சம்பளத்தில் வெட்டினார்கள். பென்ஷன் எடுத்த பிறகும் கோபம் ஆறவில்லை. கல்லடிப் பாலத்தில் அவர் எதிரே வந்தால், வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை மிதிப்பேன்.

போன ஒக்டோபரில் மகனோடு கிரேக்கம் போனேன். அந்தக் காலத்தில் குறி கேட்கப் போன தலமான தெல்பி, ஏதென்ஸிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீற்றர். பர்னாசஸ் மலைச்சரிவில் கிரேக்கக் கடவுள் அப்பொலோவின் கோயில் இருக்கிறது. இன்று ஆறு தூண்கள்தான் நிமிர்ந்து நிற்கின்றன. கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஒலிவ் மரம், நம் படுவான்கரை வயல் மாதிரிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அந்தக் கோயில் வாசலில் பொறித்திருந்த வாசகங்களில் 'உன்னை அறி' என்பது எல்லோருக்கும் தெரியும். 'எதுவும் மிஞ்ச வேண்டாம்' இன்னொன்று. மூன்றாவதை மகன் கைப்பேசியில் தேடி வாசித்தான்: 'பிணை நின்றால் கேடு பக்கத்தில்.' பழைய கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோவே மூன்றையும் குறிப்பிடுகிறார். மகன் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கதைக்கவில்லை.

பக்கத்தில் கிடந்த ஒரு கல்லில் குந்திவிட்டேன். கையெழுத்து வைத்த நாள் அப்படியே கண்ணில் வந்தது. ஆசிரியர் அறை, நாலாய் மடித்துப் பிரித்த படிவம், அவர் நீட்டிய நீலப் பேனை. அவரால் கட்ட முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். வேறு இடங்களிலும் வாங்கியிருந்தார். ஆனாலும் மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, 'ஏலாது' என்று சொல்ல வாய் வரவில்லை. 'சேர் நல்ல மனுசன்' என்ற பேர் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. இத்தனை வருஷமும் அவரையே திட்டிக்கொண்டிருந்தேன், அந்தப் பேனையை வாங்கியது என் கைதானே. முதல் வாசகமும் மூன்றாவதும் ஒரே வாசலில் இருந்தது ஏனென்று எனக்கு அங்கேதான் விளங்கியது. வீட்டில் இருந்தே இதை யோசித்திருக்கலாமே என்பீர்கள். எனக்கு வரவில்லை. ஊரில் அந்தப் பாலமும் அந்த முகமும் என்னை யோசிக்க விடவில்லை.

ஏதென்ஸில் மொனாஸ்திராக்கி நிலையத்துக்குக் கிட்ட, றெயில் பாதையை ஒட்டி, தெரு மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் சில கற்படிகள் தெரியும். பலரும் பார்க்காமலே கடந்துபோகிறார்கள். அதுதான் 'சித்திர ஸ்தோவா'. நம் பேச்சில் சொன்னால், ஊருக்குப் பொதுவான பெரிய திண்ணை. சைப்பிரஸ் வணிகர் ஸீனோ, கப்பல் உடைந்து சரக்கெல்லாம் போய் ஏதென்ஸ் வந்து சேர்ந்தார் என்பது பழைய கதை. கி.மு. 300 அளவில் அவர் அந்தத் திண்ணையில்தான் தத்துவம் படிப்பித்தார். அவர் தத்துவத்துக்கு 'ஸ்தோயிக்' என்ற பேரே அந்த ஸ்தோவாவிலிருந்து வந்தது. அவர் வழியில் பின்னால் வந்த எபிக்டெட்டஸ், அடிமையாக இருந்தவர். எது நம் கையில், எது இல்லை என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். உங்கள் நண்பர் காசு கட்டுவது உங்கள் கையில் இல்லை. மகளோடு போவது இருக்கிறது.

ஊர் திரும்பிய அடுத்த கிழமை, நான் பிணை நின்ற அந்த ஆசிரியரின் ஆரையம்பதி வீட்டுக்குப் போனேன். கடனைப் பற்றி இருவரும் எடுக்கவில்லை. அவர் மனைவி பிளேன்ரீ தந்தார். நான் வெளிக்கிடும்போது அந்த மனுசன் என் கையைப் பிடித்தபடி படலை வரைக்கும் வந்தார்.

சரி, பயணத்துக்கு வருவோம். ஜூலை, ஓகஸ்டில் போகவேண்டாம், வெயில் அகோரம். ஏதென்ஸ் நடுவில் பழைய கோயில்கள் இருக்கும் குன்றான அக்ரோபோலிஸில் பளிங்கு, கால்பட்டுக் கால்பட்டு வழுக்கும். பிடிப்பான சப்பாத்துப் போடுங்கள். தெல்பிக்குக் காலையிலேயே வெளிக்கிட்டால்தான் அருங்காட்சியகத்துக்கும் நேரம் இருக்கும். அங்கே வெண்கலத் தேரோட்டி ஒருவன் நிற்கிறான். கிட்டப் போய் அவன் கண்ணைப் பாருங்கள், இமைமயிர்கூட உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள்.