முதுகில் எத்தனை பை?

கேள்வி: சென்னையில் என் ஆபீஸில் இரண்டு வருடம் வேலை பார்த்த வியட்நாம் நண்பர் ஊருக்குத் திரும்பிவிட்டார். 'ஒரு பையை மாட்டிக்கொண்டு வா, ஹனோயிலிருந்து சைகோன் வரை மூன்று வாரம் சுற்றலாம், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். உள்ளூர் ஆள் கூட இருக்கும்போது நான் எதையும் படித்துத் தயாராக வேண்டியதில்லை, அல்லவா?
– பெயர் வேண்டாம், பெரம்பூர்.

பதில்: போய் வாருங்கள். ஆனால் இந்த எண்ணத்தோடு போனால் அவர் முதுகில் இரண்டு பை இருக்கும். ஒன்று அவருடையது, இன்னொன்று நீங்கள்.

அவர் இங்கே இருந்தபோது எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனீர்கள்? பீச், பிரியாணிக் கடை, ஒரு மால். சரிதானே? செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் திறந்த தேவாலயம் இன்னும் நிற்கிறது. நீங்களே பார்த்திருக்க மாட்டீர்கள். (நான் பார்த்ததே ஐம்பது வயதுக்கு மேல், வெளியூர் விருந்தாளி ஒருவர் இழுத்துக்கொண்டு போனதால்.) எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் போனால் சூடாகக் கிடைக்கும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும், அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அந்த நாட்டில் அந்நியருக்கு என்ன சட்டம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். சொந்த ஊருக்கு யாராவது விசா எடுப்பார்களா?

அவர் முதல் நாளே ஒரு பைக் சாவியை உங்கள் கையில் கொடுப்பார். இங்கே ஆர்டிஓ ஆபீஸில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் வருட ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968 வியன்னா ஒப்பந்தத்தை. ஆகவே நம் அனுமதி அங்கே செல்லாது. விழுந்து கால் உடைந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது லைசென்ஸைத்தான். பின்சீட்டில் உட்காருங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அவர் வீட்டில் தங்கினால் உங்கள் பெயரை உள்ளூர் போலீஸில் பதிய வேண்டும். நம் ஊரிலும் வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், எத்தனை வீட்டுக்காரர்களுக்கு அது தெரியும்? வீட்டில் இதை நீங்களே ஞாபகப்படுத்துங்கள், பாவம், அவர் அம்மா அப்பா மாட்டிக்கொள்ளக் கூடாது.

அப்புறம் பணம். 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம்தான். இரண்டிலும் ஹோ சி மின் ஒரே மாதிரி பார்க்கிறார். இரவு வெளிச்சத்தில் இளநீர்க்காரம்மாவிடம் ஒன்றுக்கு இன்னொன்றை நீட்டினால் இருபத்தைந்து மடங்கு கொடுத்திருப்பீர்கள். பர்ஸில் இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள்.

சைவமா நீங்கள்? 'சாய்' என்ற ஒரு சொல் போதும். அங்கேயும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அசைவத்தை நிறுத்துகிற வீடுகள் உண்டு. உங்கள் பாட்டிக்குப் பிடித்துப்போகும்.

இன்னொன்று. நடு வியட்நாமில் தனாங் நகரத்துக்குத் தென்மேற்கே மி சோன் இருக்கிறது. அந்தப் பக்கத்தை முன்பு ஆண்ட சம்பா மன்னர்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டிய செங்கல் சிவன் கோயில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் ஒன்று போயே போய்விட்டது. அங்கே ஆவுடையாரைப் பார்த்தால் அது என்ன என்று நண்பருக்குச் சொல்லப் போவது நீங்கள்தான். சைகோன் மாரியம்மன் கோயிலிலும் அப்படியே. அங்கே நீங்கள்தான் உள்ளூர்க்காரர். அதற்காகவாவது நாலு பக்கம் படியுங்கள். படிக்காமல் போய் 'இதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியது' என்று ஆரம்பித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

சோற்றுக்கு அவர் உங்களைச் செலவு செய்ய விடமாட்டார். ரயில் டிக்கெட்டையாவது நீங்கள் எடுங்கள். மொத்தம் 1,726 கிலோமீட்டர், ஒரே மூச்சில் போனால் கிட்டத்தட்ட ஒன்றரை நாள் ஆகும், நடுவில் இறங்கி இறங்கிப் போங்கள். ஹுவே நகரத்தைத் தாண்டித் தெற்கே வரும்போது இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே ரயில் ஒடுங்கிப் போகும். நண்பர் அநேகமாகத் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பிக் காட்டுங்கள்.