பழைய ஜீன்ஸை அப்படியே நகலெடுத்துத் தைக்கும் ரெப்ரோ ஜீன்ஸுக்கு அளவு பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: இடுப்பு 32. 1940-களின் லீவைஸ் 501 மாதிரியில் ஜப்பானிய ஜீன்ஸ் வாங்கினால் 32 எடுக்கலாமா?

முதலில் துணி பிறகு சுருங்காதபடி முன்பே பதப்படுத்தப்பட்டதா என்று பாருங்கள். பதப்படுத்தாத துணி முதல் நனைப்பிலேயே 10 சதவீதம் வரை சுருங்கும். இடுப்பில் 1 முதல் 2 அங்குலம், நீளத்தில் 3 அங்குலம் வரை போய்விடும். ஆகவே 34 எடுங்கள். கடையே ஒருமுறை அலசி விற்பது என்றால் 32 போதும், ஆனால் லேபிள் எண்ணை நம்பாமல் அளவு அட்டவணையைப் பாருங்கள். உங்களிடம் நன்றாகப் பொருந்தும் ஒரு பேன்ட்டைத் தரையில் விரித்து டேப்பால் அளந்து ஒப்பிடுவதே நல்ல வழி. அப்புறம், இவை தொப்புள் பக்கம் ஏறி உட்காரும். இடுப்பெலும்பில் அளந்தால் கணக்கு தப்பும்.

நுணுக்கங்களைப் பார்த்தால் எந்த ஆண்டின் நகல் என்று தெரியும். லீவைஸ் 501-இன் பின்பாக்கெட் ரிவெட்டுகள் (மூலைகளை இறுக்கும் உலோகக் குமிழ்கள்) 1937-இல் துணிக்குள் மறைந்தன. நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறியதுதான் காரணம். பின்னால் இழுத்துக் கட்டும் பக்கிள் இரண்டாம் உலகப் போரின் உலோகச் சிக்கனத்தில் போனது. பாக்கெட் வளைவுத் தையலைக்கூட அப்போது நூல் மிச்சமாக பெயின்டில் வரைந்தார்கள்! எனக்குப் பிடித்தது இந்தப் போர்க்கால மாதிரிதான். சிவப்புக் கரைத் துணியை (ஓரத்தில் சிவப்பு நூல் ஓடும் செல்வெட்ஜ் டெனிம்) மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அது இன்று மலிவு ஜீன்ஸிலும் வருகிறது.