அப்பாவின் இன்சுலினை இங்கே வாங்குவதற்கு முன்

தம்பி, அடுத்த மாதம் அப்பாவை மதுரையிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டி வருவதாக எழுதியிருந்தீர்கள். அவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். பழைய புகைபிடிப்பால் நுரையீரலும் கெட்டு, இரவில் ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நல்ல மருந்துக்கடை எது, ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஆக்ஸிஜன் மெஷினும் எங்கே வாங்குவது, மகனுக்கு எந்தப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு விசா எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். விசாவை உங்கள் கம்பெனி எச்.ஆர். பார்த்துக்கொள்ளட்டும், அது அவர்கள் வேலை. மருந்து, மெஷின், கட்டில் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். 2003-ல் மாமியாரைத் திருச்சியிலிருந்து கூட்டிக்கொண்டு இதே கோலாலம்பூரில் செந்தூல் ஃபிளாட்டுக்கு வந்தபோது இதையெல்லாம் சொல்ல எங்களுக்கு ஒருவரும் இல்லை.

முதலில் இன்சுலின். மற்றதைப் பிறகு படித்தாலும் பரவாயில்லை, இந்தப் பகுதியை இப்போதே படியுங்கள்.

நம் ஊரில் மருந்துக்கடையில் வாங்கும் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்றே சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சு இருக்கிறது. இங்கே வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி சிரிஞ்சில் இங்கே வாங்கிய இன்சுலினை ஏற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா 20 யூனிட் போடுகிறவர் என்றால், அந்தச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுப்பது அரை மில்லி. அந்த அரை மில்லிக்குள் இங்கத்து மருந்து 50 யூனிட் இருக்கும். இரண்டரை மடங்கு. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, காலையில் எழுப்ப முடியாமல் போகலாம்.

எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு சீனப் பெண்மணி, செந்தூலில் ஒரு சின்ன மருந்துக்கடையின் பார்மசிஸ்ட். டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார், மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தார், எடுத்தவர் அதைக் கையில் கொடுக்காமல், வீட்டில் எந்தச் சிரிஞ்சு வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்றார். பையில் இருந்ததைக் காட்டினேன். உள்ளே போய் ஆரஞ்சு மூடி போட்ட ஒன்றைக் கொண்டுவந்து இரண்டையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை போல இருந்தன. எண்களின்மேல் விரல் நகத்தை வைத்துக் காட்டினார்: இதில் முடிவு 40, அதில் 100. சிவப்பு மூடிகளையெல்லாம் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுங்கள், நான் அழித்துவிடுகிறேன் என்றார். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கடையில் வாங்கினால் காசு கொஞ்சம் கூட என்று எங்கள் மாடியில் இருந்தவர்கள் சொல்வார்கள். மாமியார் இருந்தவரை நான் கடையை மாற்றவே இல்லை.

இப்போது பலரும் சிரிஞ்சை விட்டு இன்சுலின் பேனாவுக்கு மாறிவிட்டார்கள். அப்பாவும் பேனா என்றால் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் பேனாவும் அதற்குள் போடும் இன்சுலின் குப்பியும் ஒரே கம்பெனியாக, ஒன்றுக்கொன்று பொருந்துவதாக இருக்க வேண்டும். ஊர்ப் பேனாவை பார்மசிஸ்டிடம் நேரில் காட்டுங்கள். பாட்டில்தான் என்றால், வந்த முதல் வாரத்திலேயே இங்கத்து டாக்டரிடம் காட்டி எல்லாவற்றையும் இந்த ஊர்க் கணக்குக்கு மாற்றி எழுதி வாங்கிவிடுங்கள். பாதி அங்கே பாதி இங்கே என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

சர்க்கரை பார்க்கும் மெஷினிலும் இதே கதைதான். நம் ஊரில் 180 என்று காட்டுவது இங்கே 10. ஊர் எண்ணைப் பதினெட்டால் வகுத்தால் இங்கத்து எண் வரும்: 126 என்பது 7, 70 என்பது 3.9. இந்த ஊர் டாக்டர் "நாலுக்குக் கீழே போனால் உடனே இனிப்புக் கொடுங்கள்" என்று சொல்வார். ஊர் மெஷினை வைத்திருக்கும் அப்பாவுக்கு அது புரியாது. இன்னொரு பக்கம், இங்கத்து மெஷினில் 9 என்று பார்த்தவுடன் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது என்று பயந்து ஒரு டம்ளர் மைலோ என்ற இனிப்புப் பானத்தைக் கரைத்துக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஊர் மெஷினில் ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப்பும் இங்கே கிடைக்கும் என்று நம்ப முடியாது. இங்கேயே ஒன்று வாங்கி, வகுத்த எண்களைக் கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

இனி மருந்துக்கடை. ஒரு கடைப் பெயரைச் சொல்லுங்கள் என்றால் சொல்ல மாட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பக்கத்தில், துன் சம்பந்தன் சாலையில் நடந்தாலே கண்ணில் படும். நீங்கள் பார்க்க வேண்டியது பெயர்ப்பலகையை அல்ல, உள்ளே பார்மசிஸ்ட் இருக்கிறாரா என்பதைத்தான். கார்டியன், வாட்சன்ஸ் போன்ற பெரிய கடைகளில் எல்லாக் கிளையிலும் பார்மசிஸ்ட் கிடையாது. சில கிளைகள் ஷாம்பூ, வைட்டமினோடு சரி. பார்மசிஸ்ட் இல்லாத நேரத்தில் கட்டுப்பாட்டு மருந்தைத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் பி பிரிவு, சி பிரிவு என்று இருக்கிறது. பி பிரிவுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம், பிரஷர் மாத்திரை, ஆன்டிபயாடிக் எல்லாம் அதில் வரும். சி பிரிவை பார்மசிஸ்ட் தம் பொறுப்பில் பதிவேட்டில் எழுதிக் கொடுப்பார். மதுரை டாக்டர் எழுதிய சீட்டை இங்கே நீட்டினால் செல்லாது. அதைப் பார்த்து இங்கத்து டாக்டர் எழுதித் தர வேண்டும். "நம்ம ஊர்ல பேரைச் சொன்னா குடுத்துடுவான்" என்று கடையில் நின்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தப் பார்மசிஸ்டின் லைசென்ஸ் அவர் பெயரில் சுவரில் தொங்குகிறது. அவர் ஏன் உங்களுக்காக அதை இழக்க வேண்டும்?

என் மனக்குறை வேறு. இந்த நாட்டில் தனியார் கிளினிக் டாக்டரே மருந்தும் விற்கலாம். அதனால் சில இடங்களில் சீட்டு எழுதித் தருவதற்கு மனசு வராது. ஒரு கிளினிக்கில், நான் கேட்கக் கேட்க, "இங்கேயே வாங்கிக்கலாம்மா" என்று சொல்லிச் சொல்லி என்னை அனுப்பப் பார்த்தார்கள். சீட்டு கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள். மாதாமாதம் வாங்கும் மருந்துக்கு இது பெரிய காசு. 2025 மே 1 முதல் கிளினிக்கும் மருந்துக்கடையும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் அது இல்லை. நீங்கள் கேட்டு, ஒப்பிட்டு வாங்குங்கள்.

மருந்தின் பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். டோலோ என்றால் இங்கே விழிப்பார்கள், பாராசிட்டமால் என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். அப்பாவின் எல்லா மாத்திரைக்கும் உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் டாக்டரிடம் கேட்டு ஒரே தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வாருங்கள். தூக்க மாத்திரையோ வலிக்கான கடுமையான மருந்தோ அந்தப் பட்டியலில் இருந்தால், பெட்டியில் போடுவதற்கு முன் இங்கத்து விதியைக் கட்டாயம் பாருங்கள். போதைப் பொருள் சட்டம் இங்கே விளையாட்டில்லை. எது கொண்டுவந்தாலும் கம்பெனி அட்டையிலேயே இருக்கட்டும், பிரித்து டப்பாவில் கொட்ட வேண்டாம்.

பெட்டி நிறைய ஒரு வருஷத்து மாத்திரையைக் கொண்டுவந்து குவிக்கிறவர்கள் நம்மிடையே அதிகம். பெரிய சம்பளத்தில் மோன்ட் கியாராவில் இருப்பவர்களும் செய்கிறார்கள். வாட்ஸ்அப்பில் "என்கிட்ட ரெண்டு ஸ்ட்ரிப் இருக்கு, வந்து வாங்கிக்குங்க" என்று பெரியவர்களின் பிரஷர் மாத்திரையைக் கைமாற்றுகிறார்கள். இங்கத்து டாக்டர் ஒருவருக்கும் அந்தப் பெரியவரைத் தெரியாது. ஒரு நாள் நெஞ்சு வலி என்று எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டால், வெள்ளை மாத்திரை, சின்னது என்பார்கள். அப்பா வந்த உடனே ஒரு டாக்டர், ஒரு பார்மசிஸ்ட் என்று பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்காகவே நான் மலாய் கற்றுக்கொண்டேன். மருந்து உறையில் எழுதியிருப்பதை மாமியாருக்குப் படித்துச் சொல்ல வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

மூட்டு வலிக்கு மூலிகை கேப்சூல் என்று தெரிந்தவர் மூலமாகவோ ஆன்லைனிலோ வருவதை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். அந்த மாதிரிப் பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி மாயமாகப் போகும், சர்க்கரை எகிறும். பதிவு செய்த மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்துக்கும் அந்த எண் வேண்டும்.

மெஷினுக்கு வருகிறேன். ஊரிலேயே வாங்கித் தூக்கி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கரண்ட் பொருந்தும், ஆனால் பிளக் பொருந்தாது. இங்கே சதுரக் கால் மூன்று. அடாப்டர் போட்டு ராத்திரி முழுக்க ஓட வேண்டிய ஆக்ஸிஜன் மெஷினை ஓட்டாதீர்கள், நீட்டு வயரிலும் ஓட்டாதீர்கள். அதைவிடப் பெரிய காரணம், ரிப்பேருக்கு யார் வருவார்? இங்கே மருத்துவக் கருவிகளுக்கென்று 2012-ல் தனிச் சட்டம் வந்தது, கருவி பதிவானதாக இருக்க வேண்டும். விற்கிறவரிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: மெஷினிலிருந்து வரும் ஆக்ஸிஜன் சுத்தமாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க ஆள் வருவாரா, மெஷின் பழுதானால் மாற்று மெஷின் எத்தனை மணி நேரத்தில் வரும், தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் போனை எடுப்பீர்களா. எங்களுக்கு விற்ற ஒருவர் பணம் வாங்கும்வரை தேனாகப் பேசினார். சீனப் புத்தாண்டு வாரத்தில் மெஷின் அலறத் தொடங்கியபோது அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு வீட்டில் ஒரு சிலிண்டர் இருந்ததால் பிழைத்தோம். இங்கே சாயங்கால மழையில் இடி விழுந்து வீட்டு மெயின் சுவிட்ச் தானாக இறங்கிவிடுவது சர்வ சாதாரணம். பகலில் அப்பா தனியாக இருப்பார் என்றால் அந்தச் சுவிட்சை ஏற்றி விடப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சிலிண்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், சமையலறைப் பக்கம் வேண்டாம்.

மூச்சு வாங்குகிறது என்று மெஷினின் குமிழை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். அப்பாவைப் போன்ற நுரையீரலுக்கு அதிக ஆக்ஸிஜனே கெடுதல், உள்ளே கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அவருக்கு எத்தனை லிட்டர், விரலில் மாட்டும் மெஷினில் ரத்தத்து ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் இருந்தால் போதும் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் 88-லிருந்து 92 வரை போதும் என்றுதான் வைப்பார்கள். 98 வர வேண்டும் என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்காதீர்கள்.

கட்டிலை இப்போதே வாங்காதீர்கள். அப்பா எழுந்து நடமாடுகிறார் என்றால் அவருக்கு உயரமான ஆஸ்பத்திரிக் கட்டில் உதவியைவிட இடைஞ்சல்தான். வேண்டியே ஆக வேண்டும் என்றால் முதலில் மாத வாடகைக்கு எடுங்கள், மெஷினும் அப்படிக் கிடைக்கும். முன்பணம் எப்போது திரும்ப வரும் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன் லிஃப்ட்டின் உள்ளளவை எடுங்கள், கொண்டோ நிர்வாகத்திடமும் சொல்லிவிடுங்கள். எங்கள் கட்டிலைக் கொண்டுவந்தவர்கள் கீழேயே போட்டுவிட்டு, மாட்டித் தருவது எங்கள் வேலை இல்லை என்று லோரியில் ஏறிப் போய்விட்டார்கள். மேல்மாடி மலாய்க்காரப் பையன்கள் இரண்டு பேர்தான் படியில் தூக்கி வந்து, திருகாணி போட்டு நிறுத்தி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு பையன் இன்றைக்கும் நோன்புப் பெருநாளுக்குக் கூப்பிடுவான்.

சக்கர நாற்காலி மட்டும் உடனே வாங்கலாம், அப்பா நடந்தாலும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் உதவும். மாமியாரை அதில் உட்காரவைத்துத்தான் ஸ்கோட் சாலை கந்தசாமி கோயிலுக்குக் கூட்டிப்போவோம். அவருக்கு அந்த ஒரு வெளிநடை போதும், வாரம் முழுக்க அதைப் பற்றியே பேசுவார். பெரிய சக்கரம் போட்ட கனமான நாற்காலி வேண்டாம், பின்னால் இருந்து தள்ளும் சின்னச் சக்கர அலுமினிய நாற்காலி எடுங்கள். கடைக்குப் போகும்போது காரை எடுத்துக்கொண்டு போய், காசு கொடுப்பதற்கு முன் மடக்கி டிக்கியில் வைத்துப் பாருங்கள். மைவி மாதிரிச் சின்னக் கார் என்றால் எல்லா நாற்காலியும் ஏறாது.